உருவிழந்தும் காலங் காட்டும் கல்

சென்ற தவணை முடிவிலே என் வகுப்பு மாணவன் ஒருவன் சிறு துணிப்பை ஒன்றைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தான். கல்முனைப் பக்கத்துப் பிள்ளை. அவனுடைய சாச்சா நெடுங்காலம் இரத்தினபுரிப் பகுதியின் மாணிக்கக் குழிகளிலே வேலை செய்து, உடல் தளர்ந்து, அண்மையில்தான் ஊர் திரும்பியவர். “சேர், சாச்சா கொண்டுவந்த கல்லுகள் இவை. இவற்றுக்கு விலை ஏதும் உண்டோ என்று கேட்டுவரும்படி வாப்பா சொன்னார்” என்றான்.

பையை அவிழ்த்தேன். நீலமுமில்லை, சிவப்புமில்லை. பயறளவிலும் புளியங்கொட்டையளவிலும் கரிய கற்கள் இருபது முப்பது கிடந்தன. அளவுக்குப் பொருந்தாத பாரம் மட்டுமே அவற்றிடம் கண்ட சிறப்பு. மாணிக்கக் குழியிலிருந்து எடுக்கும் ‘இல்லம்’ எனப்படும் சரளை மண்ணைக் கூடையிலிட்டு நீரிலே சுழற்றும்போது, இலேசான மணல் அலசுண்டு போகும். பாரமானவை அடியிலே தங்கும். அந்த அடிமண்டியிலே கண்ணுக்கு அழகானவற்றைப் பொறுக்கியெடுத்த பின் எஞ்சுகின்ற கருங்கற்களை எவரும் பொருட்படுத்துவதில்லை. பல்லாண்டு உழைப்பின் முடிவிலே அந்த மனிதருக்குச் சொந்தமாக எஞ்சியவை, பிறர் வேண்டாமென்று விட்ட இக்கற்களே.

இவ்வாறு ஒதுக்கப்படும் கற்களிலே அருமையாக அகப்படுவது ஒன்றுண்டு. அதன் பெயர் பேர்குசனைற்று. மோதிரத்தில் ஏறும் தகுதி அதற்கில்லை. ஆயினும், இப்பூமியின் வயதை அளக்க மனிதன் எடுத்த முதல் நம்பகமான முயற்சிக்கு அளவுகோலாக அமைந்த பெருமை அதற்குரியது. அந்தக் கல்லின் வரலாற்றையும் இயல்பையும் அறிவது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன் தரும் என்பதனாலேயே இக்கட்டுரை எழுதலாயிற்று.

நையோபியத்தின் கதை

பேர்குசனைற்றின் உயிர்நாடி நையோபியம் என்னும் உலோக மூலகம். அணுவெண் 41. இதனை முதலில் இனங்கண்டவர் ஆங்கிலேய இரசாயன அறிஞர் சாள்ஸ் ஹற்செற். இலண்டன் பிரித்தானிய நூதனசாலையிலே அமெரிக்காவிலிருந்து நெடுநாளைக்கு முன் வந்து கிடந்த கரிய கல்லொன்றை 1801ஆம் ஆண்டு அவர் ஆராய்ந்தார். அதனுள்ளே அதுவரை அறியப்படாத மூலகமொன்று இருப்பதைக் கண்டு, அமெரிக்காவைக் குறிக்கும் ‘கொலம்பியா’ என்ற பெயரையொட்டிக் ‘கொலம்பியம்’ எனப் பெயரிட்டார். மறு ஆண்டிலே சுவீடன் தேசத்து எக்கபேர்க் என்பவர் தந்தாலம் என்னும் மூலகத்தைக் கண்டறிந்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய இயல்புடையவை. ஆகவே 1809இல் வொல்லஸ்ரன் என்னும் அறிஞர் இரண்டும் ஒன்றே எனத் தீர்ப்புக் கூறிவிட, ஹற்செற்றின் கண்டுபிடிப்பு மறைந்துபோயிற்று.

1844இல் ஜேர்மானிய அறிஞர் ஹென்றிக் றோஸ், தந்தாலத்தோடு மற்றொரு மூலகமும் கூடியிருக்கின்றது என்று மீண்டும் நிறுவினார். கிரேக்கப் புராணத்திலே தந்தாலசு என்பவனின் மகள் நையோபி. தன் மக்கள் அனைவரையும் பறிகொடுத்துக் கதறிக் கல்லாகச் சமைந்தவள் அவள். கல்லான பின்னும் அவள் கண்ணீர் நிற்கவில்லை என்பது கதை. தந்தாலத்தை விட்டுப் பிரியாத மூலகத்திற்கு அம்மகளின் பெயரையே றோஸ் சூட்டினார். இரு பெயர்களும் நூறாண்டுக்கு மேல் வழங்கிவந்து, ‘நையோபியம்’ என்ற பெயரே உலகப் பொதுவழக்காக ஏற்கப்பட்டது 1950ஆம் ஆண்டளவிலேதான்.

பிள்ளை ஒன்றைப் பெற்றவர்களிடமிருந்து இனம்பிரிக்கவே நாற்பதாண்டுக்கு மேற்பட்ட வழக்கு நடந்திருக்கிறது! இயற்கையை வகைப்படுத்துதல் எவ்வளவு கடினமான தொழில் என்பதற்கு இதுவே சான்று.

கல்லின் அங்க அடையாளங்கள்

பேர்குசனைற்று முதலிலே கிறீன்லாந்திலிருந்து கிடைத்தது. கீசெக்கே என்பவர் அங்கிருந்து கொண்டுவந்த மாதிரியை ஹைடிங்கர் என்னும் கனியவியலறிஞர் 1820களிலே ஆராய்ந்து, கனியங்களைச் சேகரிப்பதில் ஆர்வங்கொண்ட ஸ்கொத்லாந்துப் பிரமுகர் றோபட் பேர்குசனின் பெயரை அதற்கு இட்டார்.

அதன் சேர்க்கை எளிமையானது. இற்றியம் என்னும் அருமண் மூலகத்தின் ஓர் அணு, நையோபியத்தின் ஓர் அணு, ஒட்சிசனின் நான்கு அணுக்கள். தூய நிலையிலே நூறு பங்கு எடையில் நையோபியம் ஒட்சைட்டு ஏறத்தாழ 54 பங்கும், இற்றியம் ஒட்சைட்டு 46 பங்குமாக அமையும். ஆனால் இயற்கையிலே தூய்மை எளிதில் வாய்ப்பதில்லை. இற்றியத்தின் இடத்திலே அதன் உறவினரான வேறு அருமண் மூலகங்களும், சிறிதளவு யுரேனியமும் தோரியமும் வந்து குடியேறும். நையோபியத்தின் இடத்திலே தந்தாலம் புகும். இந்தக் குடியேற்றமே கல்லின் தலைவிதியை நிர்ணயிக்கின்றது என்பதைப் பின்னர் காண்போம்.

நிறம் கபிலமும் கருமையும். உடைத்தால், உடைந்த முகம் சங்கின் உட்புறம்போல வளைந்து பளபளக்கும். மெல்லிய சிராயை ஒளிக்கெதிரே பிடித்தால் கபில நிறம் கசியும். வன்மை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடைப்பட்டது. அதாவது, சாதாரண கண்ணாடியோடு ஒத்தோ அதைச் சற்று மிஞ்சியோ நிற்கும். படிகக் கல்லுக்குத் தோற்கும். அடர்த்தி நீரினதைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. நம் கடற்கரையின் வெண்மணலான படிகத்தின் அடர்த்தி 2.65 மடங்கே என்பதை நினைத்தால், கூடையின் அடியிலே இக்கல் தங்குவதன் காரணம் விளங்கும். முழுமையாக வளர்ந்த பளிங்கு, சதுர அடியுடைய தூண்போல நீண்டு, முனையிலே கூம்பி நிற்கும்.

இத்தகைய கற்கள் பெரும்பாலும் பெக்மற்றைற்று எனப்படும் பெரும்பளிங்குப் பாறைகளிலே பிறக்கின்றன. உருகிய பாறைக் குழம்பு ஆறி இறுகும்போது, சாதாரண கனியங்களுக்குள் இடம் கிடைக்காத அரிய மூலகங்கள் கடைசித் துளிக் குழம்பிலே ஒதுங்குகின்றன. பந்தி முடிந்தபின் கடைசியாக அமர்ந்தவர்கள் ஒன்றுகூடி உண்பதுபோல, அங்கே நையோபியமும் இற்றியமும் யுரேனியமும் ஒருங்கே பளிங்காகின்றன. பின்னர் மழையும் வெயிலும் பாறையைச் சிதைக்க, ஆறு அக்கற்களை உருட்டி வந்து சரளைமண்ணிலே சேர்க்கின்றது. நம் நாட்டிலே றக்குவானைப் பகுதியின் மாணிக்கச் சரளையிலிருந்து பேர்குசனைற்று கிடைத்திருக்கிறது. பட்லியைற்று, கெய்க்கிலைற்று என்னும் இரு கனியங்களும் அதே றக்குவானை மண்ணிலிருந்து 1890களிலே அறிஞருலகிற்கு அறிமுகமானவை.

தானாக ஒளிர்ந்த கல்

வெளித்தோற்றத்திலே ஒழுங்கான பளிங்கு. ஆயின் பேர்குசனைற்றின் உட்புறத்தை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தால் வியப்பொன்று காத்திருக்கும். பளிங்கு என்றால், அணுக்கள் படைவீரர்போல அணிவகுத்து நிற்றல் வேண்டும். பேர்குசனைற்றிலோ பெரும்பாலும் அந்த அணிவகுப்பே காணப்படுவதில்லை. கண்ணாடியின் உட்புறம் போன்ற குழப்பமே காணப்படுகின்றது. சுவரும் கூரையும் குலையாமல் நிற்க, உள்ளே பொருளெல்லாம் இடம்மாறிச் சிதறிக்கிடக்கும் வீட்டை இதற்கு ஒப்பிடலாம். இத்தகைய கனியங்களுக்கு நோர்வே நாட்டு அறிஞர் புறொக்கர் 1893இல் ‘மெற்றமிக்று’ எனப் பெயரிட்டார். நாம் அவற்றை ‘உள்ளொழுங்கு குலைந்த கனியம்’ எனலாம்.

ஒழுங்கைக் குலைத்தது யார்? 1890களின் பிற்பகுதியிலே வில்லியம் றாம்சேயும் மொறிஸ் திரவேர்சும் பேர்குசனைற்றைச் சூடாக்கிப் பார்த்தார்கள். வெப்பநிலை 500க்கும் 600 பாகைக்கும் இடையில் எட்டியபோது கல் திடீரெனத் தானாகவே தணல்போல ஒளிர்ந்தது. ஈலியம் என்னும் வாயுவையும் பெருமளவில் வெளிவிட்டது. ஈலியம் சூரிய ஒளியிலே 1868இல் தடங்காட்டி, பூமியிலே 1895இல்தான் றாம்சேயின் கையில் அகப்பட்ட வாயு. எதனோடும் சேராத இயல்புடைய அவ்வாயு, கடினமான கல்லொன்றின் வயிற்றுக்குள் எவ்வாறு புகுந்தது? அடுப்பு கொடுத்ததற்கு மேலான வெப்பம் கல்லுக்கு எங்கிருந்து வந்தது? வெப்பத்தை உள்ளே அடக்கிவைத்த பொருள் இது என்று மட்டும் அவர்கள் அன்று கூறினார்கள்.

விடை கதிர்த்தொழிற்பாட்டிலே இருந்தது. முன்னர்க் குறிப்பிட்ட குடியேறிகளான யுரேனிய, தோரிய அணுக்கள் நிலையற்றவை. அவை அவ்வப்போது சிதைந்து அல்பாத் துணிக்கைகளை எறிகின்றன. எறியப்பட்ட அல்பாத் துணிக்கை வேகந் தணிந்து நிற்கும்போது ஈலிய அணுவாகின்றது. துவக்குச் சுட்டால் தோளிலே பின்னுதைப்பு விழுவதுபோல, எறிந்த கருவும் பின்னோக்கி உதைக்கப்பட்டு, அயலிலுள்ள நூற்றுக்கணக்கான அணுக்களை இடம்பெயரச் செய்கின்றது. இந்நிகழ்ச்சி கோடிக்கணக்கான ஆண்டுகள் தொடர்ந்தால் பளிங்கின் அணிவகுப்பு எஞ்சுமா? குலைந்த அணுக்கள் பழைய இடங்களுக்குத் திரும்பத் துடிக்கின்றன. அதற்கு வேண்டிய தூண்டுதலை வெப்பம் கொடுத்ததும் ஒருங்கே திரும்புகின்றன. அப்போது விடுபடும் சக்தியே றாம்சே கண்ட ஒளி.

கல்லைக் கேட்டு அறிந்த வயது

இங்கேதான் பேர்குசனைற்று உலக வரலாற்றிலே இடம்பெறுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே பூமியின் வயது குறித்துப் பெரும் வழக்கு நடந்தது. கெல்வின் பிரபு, பூமி உருகிய நிலையிலிருந்து ஆறிய வேகத்தைக் கணித்து, அதன் வயது இரண்டு கோடிக்கும் நான்கு கோடிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளே என 1897இல் அறுதியிட்டார். பாறையடுக்குகளையும் உயிரினங்களின் வளர்ச்சியையும் ஆராய்ந்தவர்களுக்கோ இக்காலம் சிறிதும் போதவில்லை. எனினும், கெல்வினின் கணக்கை எதிர்க்க அவர்களிடம் கணக்கு இல்லை.

நியூசீலாந்திலே பிறந்த பௌதிகவியலாளர் ஏர்ணஸ்ற் இரதபோட் 1904ஆம் ஆண்டு ஒரு புதுவழி கண்டார். யுரேனியம் சிதையச் சிதைய ஈலியம் சேருகின்றது. உண்டியலிலே நாள்தோறும் ஒரு சதம் விழுகின்றதென்றால், உண்டியலை உடைத்து எண்ணினால் அது எத்தனை நாளையது என்பது தெரியுமல்லவா? அவர் எடுத்த உண்டியல் பேர்குசனைற்று. றாம்சேயும் திரவேர்சும் அதனை அளந்து வைத்திருந்தனர்: கல்லின் ஒரு கிராமில் ஈலியம் 1.81 கன சென்ரிமீற்றர்; யுரேனியம் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு. ஆகவே ஒரு கிராம் யுரேனியத்துக்குரிய ஈலியம் ஏறத்தாழ 26 கன சென்ரிமீற்றர்.

முதற் கணக்கிலே விடை நான்கு கோடி ஆண்டுகள் என வந்தது. ஈலியம் தோன்றும் வேகத்தின் அளவு அப்போது சரியாகத் தெரியாது. அவ்வளவைத் திருத்திக்கொண்டு இரண்டோர் ஆண்டுகளில் மறுபடி கணித்தார். ஒரு கிராம் யுரேனியம் ஓராண்டிலே தருவது, ஒரு கன சென்ரிமீற்றரைக் கோடி பங்காக்கினால் ஏறத்தாழ அரைப்பங்கு. மாணவர்கள் தாங்களே வகுத்துப் பார்க்கலாம்: 26ஐ அந்த அரைப்பங்கால் வகுத்தால் ஏறத்தாழ ஐம்பது கோடி ஆண்டுகள்! ஈலியத்தில் ஒரு பகுதி கல்லிலிருந்து கசிந்து போயிருக்கலாம் என்பதையும் இரதபோட் உணர்ந்திருந்தார். ஒரு கல்லின் வயதே கெல்வின் முழுப்பூமிக்கும் கொடுத்த வயதைப் பன்மடங்கு விஞ்சி நின்றது.

அந்த எண் இன்று நிலைக்கவில்லை. வேகத்தின் அளவு பின்னரும் திருத்தம் பெற்றது; ஈலியத்தை விட ஈயத்தை அளப்பதே நம்பகமானது என்பதும் தெளிவாயிற்று. அவ்வழியிலே 1956இல் அமெரிக்க அறிஞர் கிளெயர் பற்றர்சன் கண்ட பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள். அந்நீண்ட பாதையின் முதற்படி, உள்ளொழுங்கு குலைந்த ஒரு கரிய கல். அணிவகுப்பைக் குலைத்த அதே நிகழ்ச்சிதான் காலக்கணக்கையும் அதிலே எழுதிவைத்தது என்பது சிந்திக்கத்தக்கது.

இலங்கையின் பங்கு

இவ்வாராய்ச்சிகளிலே நம் நாட்டுக் கற்களுக்கும் நம்மவர் ஒருவருக்கும் இடமுண்டு. கலாயோகி எனப் போற்றப்படும் ஆனந்த குமாரசுவாமியைக் கலைவிமரிசகராக அறிந்தவர் பலர். அவர் முதலிலே புவிச்சரிதவியலறிஞர் என்பதை அறிந்தவர் சிலர். சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராக 1877இல் கொழும்பிலே பிறந்த அவர், இலண்டனிலே கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனியவள அளவையின் பணிப்பாளராக இருந்தார். காடும் மேடும் நடந்து, குழிகளை இறங்கிப் பார்த்து, நாட்டின் கனியங்களைப் பட்டியலிட்டார்.

அவர் பதவியிலிருந்த காலத்திலே, 1904இல், சப்பிரகமுவப் பகுதியின் சரளையிலிருந்து சிறு கனசதுர வடிவான பாரமிக்க கரிய கற்கள் கிடைத்தன. முதலில் அவை யுரேனியக் கனியமென்றே கருதப்பட்டன. இலண்டனிலே டன்ஸ்ரன் என்பவரின் மேற்பார்வையில் பகுத்தாராய்ந்தபோது, நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் தோரியம் ஒட்சைட்டே என்பது தெரிந்தது. உலகம் அதுவரை அறியாத அக்கனியத்துக்குத் ‘தோரியனைற்று’ எனப் பெயர் வைக்கப்பட்டது. பேர்குசனைற்றைப் போலவே அதுவும் ஈலியத்தைச் சுமந்துவந்தது. இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெற்ற பொருளைக் கொண்டே 1905இல் ஒட்டோ ஹான், றாம்சேயின் ஆய்வுகூடத்திலே ‘றேடியோதோரியம்’ என்பதைக் கண்டுபிடித்தார். பிற்காலத்திலே அணுக்கருப் பிளவைக் கண்டு நோபல் பரிசு பெற்ற ஹானின் அணுவாராய்ச்சிப் பயணம், நம் மலைநாட்டுச் சரளைக் கற்களிலிருந்து தொடங்கியது. இங்கிலாந்திலே ஸ்திரட் என்னும் அறிஞரும் இலங்கைத் தோரியனைற்றின் ஈலியத்தை அளந்து, அதன் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள் என நிறுவினார்.

எந்தத் தட்டிலே வைப்பது?

இனி வகைப்படுத்தலுக்கு வருவோம். நூல்நிலையத்துக்குப் புது நூலொன்று வந்தால் அதனை எந்தத் தட்டிலே வைப்பது? ஆசிரியர் பெயரைக் கொண்டும் வைக்கலாம். பொருளைக் கொண்டும் வைக்கலாம். கனியங்களுக்கும் இவ்வாறே இரு கேள்விகள் உண்டு: எதனால் ஆனது? அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன?

அமெரிக்கரான டேனாவின் முறை, பேர்குசனைற்றை நையோபியம், தந்தாலம், தைத்தேனியம் ஆகியவற்றின் கலப்பு ஒட்சைட்டுகளோடு வைக்கின்றது. ஜேர்மானியரான ஸ்திரன்ஸ் வகுத்த முறையின் பிற்காலத் திருத்தமோ, அதனை ஷீலைற்று என்னும் தங்குதன் கனியத்துக்கு அருகிலே வைக்கின்றது. பேர்குசனைற்றின் அணு அடுக்கு ஷீலைற்றினதை ஒத்திருப்பதே காரணம். இரண்டும் பிழையல்ல. கேட்ட கேள்வி வேறு. ஆதலால் கிடைத்த தட்டும் வேறு.

இனத்துக்குள்ளே உட்பிரிவும் உண்டு. அருமண் மூலகங்களில் எது மிகுதியோ அதன் குறியீடு பெயரோடு ஒட்டப்படும். இற்றியம் மிகுந்தது ஒன்று, சீரியம் மிகுந்தது ஒன்று, நியோதிமியம் மிகுந்தது ஒன்று எனப் பிரிப்பர். நையோபியத்தைவிடத் தந்தாலம் மிகுமாயின் பெயரே மாறி ‘போமனைற்று’ ஆகிவிடும். ஊரவையிலே பெரும்பான்மை பெற்றவரே தலைவராவது போன்ற விதி இது.

ஆயினும் உள்ளொழுங்கு குலைந்த கல்லை வகைப்படுத்துவது எவ்வாறு? தையல் அறுந்து ஏடுகள் கலைந்துபோன நூலை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்களை எண்ணிவிடலாம், ஏட்டின் வரிசை தெரியாது. சூடாக்கினால் பேர்குசனைற்றின் அணுக்கள் மீண்டும் அணிவகுக்கும் என்றேன். 1926இல் நோர்வே அறிஞர் தொம் பார்த், செயற்கையாக ஆக்கிய பேர்குசனைற்றையும், குலைந்ததையும், சூடாக்கித் திருத்தியதையும் ஊடுகதிரால் ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஆனால் இங்கும் எச்சரிக்கை வேண்டும். மிதமான சூட்டிலே கிடைப்பது நாற்கோணத் தொகுதியைச் சேர்ந்த பளிங்கு. மிக உயர்ந்த சூட்டுக்குப் பின் ஆறினால் கிடைப்பது சற்றே சாய்ந்த ஒருசரிவுத் தொகுதி. நாம் மீட்ட உருவம் கல் பிறந்தபோது கொண்டிருந்த உருவமென்று சூட்டை மட்டும் நம்பிச் சொல்ல இயலாது. அப்போது துணை செய்வது, குலையாமல் நிற்கும் வெளிமுகங்களின் கோணங்கள். உள்ளே அழிந்துபோன ஒழுங்குக்குப் புறத்தோற்றம் சாட்சி சொல்கின்றது.

இந்த ஆராய்ச்சியை ஏட்டுச் சுரைக்காய் என எண்ணவேண்டாம். அணு உலைகளிலே எஞ்சும் கழிவை எந்தப் பொருளுக்குள்ளே அடைத்துவைத்தால் நீண்ட நெடுங்காலம் கசியாமல் இருக்கும் என்பது இன்றைய உலகின் பெருங்கவலைகளுள் ஒன்று. கோடிக்கணக்கான ஆண்டுகள் யுரேனியத்தை வயிற்றிலே வைத்திருந்த கற்கள் என்ன ஆயின என்பதை இயற்கையே பரீட்சித்து வைத்திருக்கிறது. அந்த விடைத்தாளை வாசிக்கவே அறிஞர் இக்குலைந்த கற்களை நாடுகின்றனர்.

நாம் அறியாத உறவு

நையோபியத்தை நாம் கண்ணால் கண்டிராவிட்டாலும் அதன் உதவியைப் பெறாதவர் இல்லை. உருக்கிலே நூற்றுக்கு ஒரு பங்கிலும் மிகக் குறைந்த அளவு சேர்த்தாலே அதன் உறுதி பெருகுகின்றது. பாலங்களுக்கும் எண்ணெய்க் குழாய்களுக்கும் அத்தகைய உருக்கு பயன்படுகின்றது. உலகத் தேவையின் மிகப்பெரும் பகுதியைப் பைரோகுளோர் என்னும் மற்றொரு நையோபியக் கனியத்திலிருந்து பிரேசில் நாடே வழங்குகின்றது.

பெரிய வைத்தியசாலைகளிலே உடலின் உட்பகுதியைக் காந்தத்தால் படம்பிடிக்கும் இயந்திரத்தைக் கண்டிருப்பீர்கள். அதன் காந்தச்சுருள் பெரும்பாலும் நையோபியமும் தைத்தேனியமும் சேர்ந்த கலப்புலோகக் கம்பி. கடுங்குளிரிலே அக்கம்பி தடையின்றி மின்னைக் கடத்தும். அக்குளிரைக் கொடுப்பது பூச்சியத்துக்குக் கீழே 269 பாகையிலுள்ள திரவ ஈலியம். பேர்குசனைற்றின் இருளுக்குள்ளே நெடுங்காலம் கூடியிருந்த நையோபியமும் ஈலியமும், நோயாளரின் துயர்தீர்க்க இங்கே மறுபடி சந்திக்கின்றன.

மாணவனுக்குச் சொன்ன மறுமொழி

சாச்சாவின் கற்களுக்கு வருவோம். மினுக்கம் பூசாத வெள்ளை ஓட்டின் முதுகிலே ஒவ்வொன்றையும் அவனையே தேய்க்கச் சொன்னேன். பேர்குசனைற்றாயின் கோடு மங்கிய கபிலமாக விழவேண்டும். விழுந்தவை கருங்கோடுகள். சில கற்கள் காந்தத்தின் பக்கம் சாய்ந்தன. பெரும்பாலும் இல்மனைற்று என்னும் இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டாகவே இருக்கவேண்டும்; முடிந்த தீர்ப்பை ஆய்வுகூடமே சொல்லவேண்டும். கையளவு கல்லுக்குச் சந்தையிலே விலை இல்லை என்பதை மறைக்காமல் சொன்னேன். பிள்ளையின் முகம் வாடிற்று. வீட்டிலே என்ன எதிர்பார்த்திருந்தார்களோ, நான் கேட்கவில்லை.

சிறிது நேரத்தின் பின் அவன் கேட்டான்: “அப்படியென்றால், காலம் காட்டுகிற கல் எங்கள் பக்கம் இல்லையா, சேர்?”

அக்கேள்விக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்ல முடிந்தது. வினாயகபுரத்துக் கரையிலே அலை திரும்பும் இடங்களில் கருமணல் கோடு கோடாகப் படிவதை நாம் தினமும் காண்கிறோம். அக்கருமணலிலே இல்மனைற்றோடு சிர்க்கோன் என்னும் கனியத்தின் பொடிமணிகளும் கலந்திருப்பது வழக்கம். சிர்க்கோனும் பிறக்கும்போதே சிறிது யுரேனியத்தை உள்ளே கொண்டு பிறப்பது. ஈயத்தை அளந்து வயது காண்பதற்கு இன்று அறிஞர் முதலில் நாடும் கனியம் அதுவே. அவ்வாறு அளந்துதான், நம் கீழ்க்கரையின் அடிப்பாறைகளுட் பல ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியவை என அறிந்திருக்கிறார்கள். அவன் வெறுங்காலுடன் பந்தடிக்கும் மணலிலேயே எண்ணிறந்த மணிக்கூடுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பெற்றோருக்கு ஒரு சொல். இனந்தெரியாத பாரமான கருங்கல் வீட்டிலே இருந்தால் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் கதிர்த்தொழிற்பாடு உள்ளதாகவும் இருக்கக்கூடுமாதலால், அதனை இடித்துத் தூளாக்கவோ, பிள்ளைகளின் படுக்கையருகே வைக்கவோ வேண்டாம். மூடிய பெட்டியிலே வைத்து, அறிந்தவர்களிடம் காட்டுவதே நன்று.

எல்லோருக்கும் மற்றொரு சொல். புல்மோட்டையிலே கருமணல் தொழிலுக்கென 1957இல் அரசு கூட்டுத்தாபனம் அமைத்தது. அண்மைக் காலத்திலே திருக்கோவில், வினாயகபுரக் கரைகளிலும் இல்மனைற்று அகழ்வது பற்றிய பேச்சு எழுந்து, கடலரிப்புக்கு அஞ்சிய மக்களின் எதிர்ப்பையும் கண்டது. இது தமிழர் கரை, முஸ்லிம்கள் கரை என்று பிரித்துப் பேசத்தக்க காரியமன்று. கடல் அரித்தால் இரண்டும் ஒருங்கே அரிபடும். மணலை விற்பதா, காப்பதா என்று தீர்மானிக்கும் நாளிலே, அம்மணலுக்குள் என்ன இருக்கின்றது, அது எவ்வளவு காலத்திலே சேர்ந்தது என்பதை அறிந்த பிள்ளைகள் நம் ஊர்களிலே இருத்தல் வேண்டும். அறியாதவன் விற்றாலும் நட்டம். அறியாதவன் காத்தாலும் அது நெடுநாள் நிலையாது.

மாணவன் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். பாதிவழி போய்த் திரும்பிவந்து, ஒரு கல்லை மட்டும் எடுத்து வகுப்பின் கனியப் பெட்டியிலே வைத்தான். “சாச்சாவின் பெயரை எழுதி வைக்கலாமா, சேர்?” என்று கேட்டான். எழுதி வைத்திருக்கிறோம்.